மொசம்மத் பேகம், பிறப்பு ஜனவரி ஒன்று

மைமுனாவிடம் ஒரு போன் இருந்தது. பித்தான் வைத்த பழைய போன். மழைக்காலத்தில் கடலாகிவிடும் அந்தப் பள்ளநிலத்துக்கு ஹாவோர் என்று பெயர்; போனின் எண் அந்த ஹாவோரில் உள்ள அத்தனை பெண்களுக்கும் மனப்பாடம். சொந்தப் புருஷனின் எண்ணைக் கேட்டால் தடுமாறுவார்கள்; படகு ஆபாவின், அதாவது மைமுனா அக்காவின், எண்ணைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஆஷாட மாதம் தொடங்கி கார்த்திகை வரை வயலெல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். மேட்டில் வீடுகள் நெருங்கி இருக்கும் ஹாத்திகள் மட்டும் தீவு தீவாகத் தெரியும். அங்கே ஒருத்திக்கு வலி எடுத்தால் அந்த எண்ணைத்தான் அழுத்த வேண்டும்.

மைமுனா எடுத்து இரண்டே கேள்வி கேட்பாள். "யாரோட அம்மா? எந்த ஹாத்தி?" அங்கே யாரும் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மொந்துவின் அம்மா, கோகிலாவின் அம்மா, இன்னும் பிள்ளை இல்லாதவள் என்றால் இன்னாருடைய பெண்டாட்டி. 'மொந்துவின் அம்மா, வடக்கு ஹாத்தி, ஹிஜோல் மரத்துப் பக்கம்' என்று நோட்டில் எழுதிவிட்டு, "கலந்தர் பாய்!" என்று ஒரு சத்தம் போடுவாள். கலந்தர் மியா பொரியை அப்படியே வைத்துவிட்டு இஞ்சின் படகைக் கிளப்பிக்கொண்டு போவார். பதினொரு வருஷமாக ஹாவோர் ஜனனி சங்கத்தின் மொத்த வேலையும் இவ்வளவுதான். பாவம், இதை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு அறிக்கைகூட எழுத முடியவில்லை.

அந்தக் குறையைத்தான் வெளிநாட்டு அறக்கட்டளை கண்டுபிடித்தது. நிதி தருகிறவர்கள் அவர்கள். 'உங்கள் சங்கத்துக்குத் தொழில்நுட்பத் திட்டம் இல்லை' என்று கடிதம் போட்டார்கள். சங்கத்தின் இயக்குநர் மோதாஹர் சாஹேப் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் டாக்காவிலிருந்து தாஷ்ஃபின் என்ற நிபுணர் வந்து இறங்கினார். கூடவே அறக்கட்டளையின் சார்பில் பிர்கித்தா என்ற வெள்ளைக்கார அம்மாள் வந்தாள். நல்ல மனுஷி, கொசு மட்டும்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று நாள் பயிலரங்கம் நடந்தது. சுவர் முழுக்க மஞ்சள் தாளும் பச்சைத் தாளும் ஒட்டினார்கள். மதியம் கச்சி பிரியாணி. பிரியாணிப் பானையையும் ஜெனரேட்டரையும் கொண்டுவர இரண்டு இஞ்சின் படகும் தேவைப்பட்டதால், அந்த மூன்று நாளும் வலி எடுத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டார்கள்.

"ஆபா, இன்னும் அஞ்சு வருஷத்துல உங்க படகை நீங்க எங்க பாக்கறீங்க?" என்று கேட்டார் தாஷ்ஃபின்.

மைமுனா யோசித்தாள். "தண்ணியிலதான்."

அவர் ஒரு மஞ்சள் தாளில் 'தொலைநோக்கு இல்லை' என்று எழுதி, அவள் தலைக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

"சரி, கலந்தர் பாய் சொல்லட்டும். உங்க வேலையில பெரிய பலவீனம் எது?"

"இஞ்சின்ல வாஷர் தேஞ்சு போச்சு பாய். ரெண்டு வாஷர் வாங்கிக் குடுத்தீங்கன்னா போதும்."

"அது சின்ன விஷயம். நான் பெரிசா கேக்கறேன்."

"பெரிய வாஷர் அதுல உக்காராது பாய்."

மூன்றாம் நாள் சாயங்காலம் பலவீனத்தை தாஷ்ஃபினே கண்டுபிடித்துச் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் வெளிறியிருந்தது. "போன் அடிக்குது. ஒரு ஆள் எடுக்கறாங்க. எடுத்த உடனே படகு போயிடுது. நடுவுல ஒண்ணுமே இல்ல! இத்தனை வருஷமா நடுவுல ஒண்ணுமே இல்லாம ஓட்டியிருக்கீங்களே, உங்களுக்குப் பயமா இல்லையா?"

மோதாஹர் சாஹேப் எழுந்து நின்றார். அவருக்குப் பேச்சு நன்றாக வரும். "பதினொரு வருஷமா நாம வெறும் படகு விட்டுக்கிட்டு இருந்தோம். எனக்கு வெக்கமா இருக்கு. இனிமே படகு விடறது ரெண்டாம்பட்சம். முதல்ல நிர்வாகம்." கை தட்டினார்கள். மைமுனாவும் தட்டினாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் தட்டும்போது சும்மா இருக்க முடியாது.

அவளுக்குக் கவலை வேறு. அவள் தங்கை ஜொய்குனுக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை உள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப் பிறந்தது. 'இரண்டாவதுக்கு வலி தொடங்கியதுமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட வேண்டும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும், தாமதம் கூடாது' என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இஞ்சின் படகில் ஒன்றேகால் மணி நேரம். துடுப்புப் படகில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. ஜொய்குன் பயந்தபோதெல்லாம் மைமுனா சிரித்தாள். "அடி பைத்தியம், போனே என் கையில இருக்கு. ஊருக்கெல்லாம் வர்ற படகு உனக்கு வராதா?"

அதற்கடுத்த வாரம் போனை வாங்கிக்கொண்டார்கள். நோட்டுகளையும் வாங்கிக்கொண்டார்கள். பதினொரு வருஷத்து நோட்டுகள் 'நமது பாரம்பரியம்' என்ற பலகையோடு இயக்குநர் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ப் படுத்தன. மைமுனாவுக்கு ஒரு டேப்லெட் கொடுத்தார்கள்; பழைய எண்ணையும் அதிலேயே போட்டுவிட்டார்கள். அதில் 'ஸ்மார்ட் ஜனனி' என்று ஒரு செயலி.

எல்லாப் பெண்களையும் அதில் ஏற்ற வேண்டும். மூன்று கட்டம். முதல் பெயர், கடைசிப் பெயர், பிறந்த தேதி. அந்தப் பக்கத்தில் பெண்ணாகப் பிறந்தவள் யாராக இருந்தாலும் காகிதத்தில் முன்னால் மொசம்மத் என்று போடுவார்கள், பின்னால் பேகம் என்றோ காதுன் என்றோ பீபி என்றோ போடுவார்கள். அவளுக்கென்று இருக்கும் பெயர் நடுவில்தான் இருக்கும். நடுப்பெயருக்குக் கட்டம் இல்லை.

பிறந்த தேதி அதைவிடச் சுலபம். பள்ளிக்கூட வாத்தியார்கள் அத்தனை பேருக்கும் ஜனவரி ஒன்று என்று போட்டுவைத்துப் பல தலைமுறை ஆகிவிட்டது. வயது கேட்டால் "இருபது இருபத்தஞ்சு இருக்கும்" என்பார்கள். பேரன் எடுத்தவளும் அதைத்தான் சொன்னாள். கணக்குப் போட்டுப் பார்த்த செயலி எல்லோரையும் இரண்டாயிரமாம் ஆண்டு ஜனவரி ஒன்றாம் தேதி பிறக்க வைத்தது.

அடுத்த கூட்டத்தில் தாஷ்ஃபின் திரையைப் போட்டார். "நம்ம செயலிக்கு ஒரு அபாரமான சக்தி இருக்கு. ஒரே ஆளை ரெண்டு தடவை எழுதியிருந்தா, அதுவே பிடிச்சு ஒண்ணா சேத்துடும். நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு பேரை ஏத்தினோம். உண்மையில மூணே பேர்தான். ஒரு பேகம், ஒரு காதுன், ஒரு பீபி."

அறையே வாயைப் பிளந்தது. அவர் கையை உயர்த்தினார். "இருங்க, இன்னும் இருக்கு. பேகம், காதுன், பீபி மூணும் மரியாதைச் சொல்லுதானே? அர்த்தம் ஒண்ணுதான். அதையும் அது கண்டுபிடிச்சிடுச்சு. மீன்காரங்க ஹாத்தியில இருந்த ஸ்ரீமதிங்களையும் விடல. கடைசியில நிக்கறது ஒரே ஒருத்தர்தான்."

திரையில் எழுத்துகள் பளிச்சிட்டன. மொசம்மத் பேகம். பிறப்பு ஜனவரி ஒன்று.

மோதாஹர் சாஹேப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலாயிரம் பேருக்குச் சேவை செய்யறோம்னு நெனச்சு இத்தனை வருஷம் எவ்வளவு பெரிய அகந்தையில இருந்துட்டோம்! ஒருத்தருக்குத்தான் செஞ்சிருக்கோம். ஆனா எவ்வளவு ஆழமா செஞ்சிருக்கோம்!"

மைமுனாவால் பொறுக்க முடியவில்லை. "சாஹேப், அவங்க எல்லாரும் வேற வேற ஆளுங்க. நான் ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்திருக்கேன்."

"ஆபா," என்றார் தாஷ்ஃபின், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "மூஞ்சிங்கறது உங்க அனுபவம். நான் தரவு பத்திப் பேசறேன்."

அறக்கட்டளையில் ஒருவர் வகுத்துப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டுப்போனார். பதினொரு வருஷத்தில் ஒரே பெண்ணுக்கு நாலாயிரத்துச் சொச்சம் பிரசவம். நாளுக்கு ஒன்றுக்கு மேல் வருகிறது. அவளுக்கு உடனே குடும்பக்கட்டுப்பாட்டு ஆலோசனை தேவை என்று அவசரக் கடிதம் வந்தது. சங்கத்தின் கள அலுவலர் ரெஸ்வானும் இன்னொருவரும் உயிர்காப்பு உடுப்பு மாட்டிக்கொண்டு, பதிவில் இருந்த முகவரிக்குப் போனார்கள். பட்டியலில் முதலில் இருந்த ஆயத்துன் பீபியின் முகவரிதான் இப்போது எல்லோருடைய முகவரியும். அறுபது வயது விதவை. எப்போதோ மருமகளுக்காகப் படகு கூப்பிட்டவள்.

அவளைக் காலா, அதாவது சித்தி, என்று முறை சொல்லி உட்காரவைத்து ரெஸ்வான் படம் காட்டினான். "ரெண்டு பிள்ளைக்கு நடுவுல மூணு வருஷமாச்சும் இடைவெளி விடணும், காலா."

"என் புருஷன் செத்தே பதினாறு வருஷம் ஆச்சு, தம்பி. இதுக்கு மேல எவ்வளவு இடைவெளி விடச் சொல்ற?"

'பயனாளி ஒத்துழைக்கிறார்' என்று அவன் எழுதிக்கொண்டு வந்தான்.

படகு இஞ்சினுக்குப் பூட்டுப் போட்டது அதற்குப் பிறகுதான். யாரும் தவறாக எடுத்துப்போய்விடக் கூடாதாம். செயலியில் படகு கேட்டால், பதிவு செய்த பெண்ணின் போனுக்கு ஆறு இலக்க எண் வரும். அந்த எண்ணைப் பூட்டில் அழுத்தினால்தான் இஞ்சின் கிளம்பும். பதிவில் இருப்பது ஒரே பெண் ஆனதால், ஹாவோரில் யாருக்கு வலி எடுத்தாலும் எண் ஆயத்துன் பீபியின் போனுக்குத்தான் போயிற்று.

உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் வேலை ஓரளவு நடந்தது. ஆயத்துன் போனை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தாள். எண் வந்ததும் மைமுனாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லுவாள். அதற்கு முன் "யாரோட அம்மா? எந்த ஹாத்தி? தலைப்பிள்ளையா?" என்று விசாரிக்காமல் விடமாட்டாள். எழுத்து தெரியாது, இலக்கம் தெரியும். "எழுபது வயசு வரைக்கும் என்னை யாரும் தேடினதில்ல" என்று பெருமைப்பட்டாள். அறுபது எப்போது எழுபது ஆனது என்று மைமுனா கேட்கவில்லை. நடுவில் ஒன்றுமே இல்லை என்று தாஷ்ஃபின் பயந்த இடத்தில் இப்போது ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் படகு போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் சோறும் கருவாட்டுத் துவையலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஆயத்துன் எழுந்திருக்கவில்லை. நிம்மதியான சாவு. ரெஸ்வான் கடமை தவறாதவன். ஜனாசா தொழுகைக்கும் அடக்கத்துக்கும் போய்விட்டு வந்து, செயலியைத் திறந்து, மொசம்மத் பேகத்தின் பெயருக்கு எதிரே 'காலமானார்' என்ற பித்தானை அழுத்தினான். 'உறுதியா?' என்று அது கேட்டது. அவன் நேரில் பார்த்துவிட்டு வந்தவன். உறுதி என்று அழுத்தினான்.

அதற்கடுத்த நாள் ஸ்மார்ட் ஜனனிக்கு முறைப்படி திறப்பு விழா. இரண்டு இஞ்சின் படகுக்கும் ரிப்பன் கட்டி, படித்துறையில் பந்தல் போட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு ஜொய்குனுக்கு வலி எடுத்தது. பத்து நாள் முன்னதாகவே எடுத்துவிட்டது. மைமுனா டேப்லெட்டைத் திறந்தாள். படகு கேட்டாள்.

'மொசம்மத் பேகம் காலமாகிவிட்டார். ஆழ்ந்த அனுதாபங்கள். சேவை நிறைவுற்றது.'

மறுபடி கேட்டாள். மறுபடி அனுதாபம் வந்தது. டாக்காவில் இருக்கும் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள். ஒரு பையன் எடுத்தான். குரல் தேன் மாதிரி இருந்தது.

"உங்க பேரு சொல்லுங்க ஆபா."

"மொசம்மத் மைமுனா பேகம். படகு ஆபிஸ்ல வேலை பாக்கறேன். என் தங்கச்சிக்கு வலி எடுத்திருச்சு பாய், பூட்டைத் தெறந்து விடுங்க."

தட்டுகிற சத்தம் கேட்டது. "மன்னிக்கணும் ஆபா. எங்க பதிவுப்படி நீங்க நேத்து மத்தியானம் காலமாயிட்டீங்க."

"நான்தான் பேசறேனே பாய்!"

"புரியுது ஆபா. ஆனா காலமானவங்க நேரா புகார் குடுக்க முடியாது. உயிரோட இருக்கிற சொந்தக்காரங்க யாராச்சும் விண்ணப்பிக்கணும்."

"என் தங்கச்சி இருக்கா. ஜொய்குன்."

"அவங்களும் காலமாயிட்டாங்க ஆபா."

மைமுனாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "இந்த ஹாவோர்ல உயிரோட ஒரு பொம்பளைகூட இல்லியா பாய்?"

அவன் நிஜமாகவே தேடினான். "ஒருத்தங்க இருக்காங்க ஆபா! பேரு பிர்கித்தா. ஆரம்பத்துல சோதனைக்காகப் பதிஞ்சிருக்காங்க. அவங்க பேருல படகு கேக்கலாம். கேக்கட்டுமா?"

"கேளுங்க, கேளுங்க!"

"கேட்டாச்சு. எண் அவங்க போனுக்குப் போயிருக்கு. ரெண்டு நிமிஷம் செல்லும்."

பிர்கித்தா தன் ஊருக்குத் திரும்பிப் போயிருந்தாள்; அங்கே அப்போது விடியவில்லை. நல்ல மனுஷி, போனை அணைத்துவிட்டுத் தூங்குவாள். இரண்டு நிமிஷம் போயிற்று. நான்கு தடவை கேட்டார்கள், எட்டு நிமிஷம் போயிற்று.

மைமுனா படித்துறைக்கு ஓடினாள். கலந்தர் மியா ஏற்கெனவே பூட்டைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். நல்ல பூட்டு, வெளிநாட்டிலிருந்து வந்தது. பந்தலுக்குள் மோதாஹர் சாஹேப் பேசிக்கொண்டிருந்தார். மைமுனா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவர் காலைப் பிடித்தாள்.

"சாஹேப், உங்க பிள்ளைங்க நல்லா இருக்கணும், பூட்டை மட்டும் தெறந்து விடுங்க சாஹேப். ஜொய்குன் துடிக்கறா."

அவர் பதறிப்போய் அவளைத் தூக்கினார். கல்நெஞ்சக்காரர் இல்லை, கண்கூடக் கலங்கிற்று. "ஆபா, என்னால தெறக்க முடியாது. அதானே இதோட அழகே! நான் நெனச்சாக்கூட தெறக்க முடியாது. அவ்வளவு வெளிப்படையா செஞ்சு வச்சிருக்கோம்." பிறகு மைக்கைப் பார்த்து, "இந்தச் சகோதரியோட தவிப்பைப் பாருங்க. இதுக்காகத்தான் இந்தத் திட்டமே" என்றார். கை தட்டினார்கள்.

துடுப்புப் படகில்தான் கொண்டுபோனார்கள். கலந்தர் மியாவும் ஜொய்குனின் புருஷனும் துடுப்புப் போட்டார்கள். எதிர்க்காற்று. ஜொய்குன் படகின் பலகையைப் பற்றிக்கொண்டு கத்தினாள். ரிப்பன் கட்டிய இரண்டு இஞ்சின் படகுகளையும் ஒட்டித்தான் போக வேண்டியிருந்தது. பந்தலில் இருந்தவர்கள் கை அசைத்தார்கள். மேலே ஒரு குட்டி டிரோன் பறந்துவந்து படம் எடுத்தது. ஜொய்குன் அக்காவின் கையை நகம் பதிய அழுத்தினாள். "போன் உன் கையிலதான இருக்குன்ன?" என்றாள். மைமுனா அவள் வாயில் தண்ணீர் விட்டாள். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வந்தபோது மணி நாலு. டாக்டரம்மா வாசலிலிருந்தே உள்ளே கொண்டு ஓடினாள். ஜொய்குன் பிழைத்தாள். பெண் குழந்தை. தலை நிறைய முடி. அழவே இல்லை.

மைமுனா வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பிர்கித்தாவிடமிருந்து செய்தி வந்தது. 'மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். இப்போதுதான் பார்த்தேன். ஏதோ எண் வந்திருக்கிறது. இது உங்களுக்கு வேண்டுமா?' பக்கத்தில் ஒரு பூப்படமும் போட்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து வருடாந்திர அறிக்கை வந்தது. வழவழப்பான தாள். அட்டையில் அந்தத் துடுப்புப் படகு, டிரோன் எடுத்த படம். மேலேயிருந்து பார்க்கையில் அழகாகத்தான் இருந்தது. உள்ளே இயக்குநரின் உரை. 'ஸ்மார்ட் ஜனனி நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் ஹாவோரில் பிரசவத்தில் ஒரு தாயும் இறக்கவில்லை, ஒரு சிசுவும் இறக்கவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.' பொய் இல்லை. செத்துப்போன மொசம்மத் பேகத்தின் பதிவில் அதற்குப் பிறகு எதையும் ஏற்ற முடியாது. மைமுனா ஜொய்குனின் குழந்தையை ஏற்றப் பார்த்தபோது, 'காலமானவருக்குப் பிரசவம் பதிய இயலாது' என்று சிவப்பில் வந்தது. அந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்தார்கள். அறக்கட்டளை இன்னும் மூன்று மாவட்டத்துக்கு அதை விரிவாக்குகிறதாம்.

அன்று சாயங்காலம் ஜொய்குன் அலுவலகத்துக்கு வந்தாள். இன்னும் நடை நேராகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, அறிக்கையின் அட்டையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். படத்தில் தான் எங்கே என்று விரலால் தேடினாள்.

"ஆபா, முதல் பிள்ளை செத்தப்ப நோட்டுல எழுதினே. ஜொய்குன், ஆண் பிள்ளை, தங்கலன்னு. எனக்குப் படிச்சுக்கூடக் காட்டினே."

"ஆமாண்டி."

"இவளை எங்க எழுதினே?"

மைமுனா திரும்பிப் பார்த்தாள். இயக்குநர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பதினொரு நோட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூசி இல்லாமல் இருந்தன. பெட்டிக்கும் ஒரு பூட்டு, ஆறு இலக்கம்.

"எங்கயும் எழுதலடி," என்றாள் மைமுனா. "எழுத இடம் குடுக்கல."